வந்து சேராத வெளிச்சம்

காலை ஏழு நாற்பது. புதுவயல்.
மூன்றாம் மாடியில், சின்டெக்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில்
முக்காலி மேல் கருவி.
அதன் குழலுக்குள் சூரியன்
கடுகளவு.

ஐந்து வடிகட்டிகள்.
நீலம், பச்சை, சிவப்பு மூன்றையும்
கானாடுகாத்தான் சன்னல் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்.
மற்ற இரண்டுக்கு
நிறம் கிடையாது, எண் மட்டும்.

எவ்வளவு புறப்பட்டது, எவ்வளவு வந்தது,
நடுவில் எது தின்றது.
இந்த வட்டாரத்தில் இதை விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.
மாடிக்கு வாடகை வாங்கும் நாச்சியப்பன்
முதல் நாளே சொல்லிவிட்டார்:
"வரவு குறைஞ்சா வழியில ஒருத்தன் எடுத்திருக்கான்."

ஆனால் புறப்பட்ட தொகையை
எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை.
காற்றே இல்லாத சூரியனை
இங்கிருந்து யார் பார்த்தார்?
அதனால் விடியலில் தொடங்கி,
வெயில் ஏற ஏற,
குறுக்கே கிடக்கும் காற்று மெலிய மெலிய,
புள்ளி வைத்துக்கொண்டே போவேன்.
புள்ளிகள் வரிசையில் நின்றால்
கோட்டை நீட்டலாம், காற்று பூஜ்யமாகும் இடம் வரை.
அங்கே இருக்கும் அந்த முதல்.
எழுபது நாளில்
நான்கு காலைகள்தான் கோணாமல் நின்றன.

நீலம் நிறைய இழந்து சிவப்பு தப்பித்தால்
துகள் பொடிசு. புகை.
எல்லா நிறத்துக்கும் ஒரே அடி என்றால்
பெரிசு. செம்மண் புழுதி,
இல்லை, கொண்டலோடு தொண்டியிலிருந்து ஏறிவந்த உப்பு.
இது வரைக்கும் ஒளி சொல்லும்.

சவரிமுத்து எதிர் ஆலையில் பாய்லர் பார்க்கிறவர்.
உமி அள்ளிப் போட்டு இருபத்திரண்டு வருஷம்.
இரவு ஷிப்ட் முடிந்து மேலே வந்தார்.
"எங்க புகைபோக்கி இதுல தெரியுதா?"

புகை தெரியும் என்றேன். பேர் தெரியாது.
உங்கள் உமியும்
இளையான்குடிப் பக்கத்துக் கருவேல மூட்டமும்
யாரோ எரித்த டயரும்
இங்கே ஒரே வளைவில்தான் விழும்.

"அப்ப மொதலாளி தப்பிச்சாரு"
என்று சிரித்தார்.
சிரிப்பு முடிவதற்குள்
கக்கத்திலிருந்த பழுப்பு உறையைப் பிரித்து
படத்தை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தார்.

நெஞ்செலும்பு. விலாக்கூடு.
இடது மேல்புறம்
சுண்ணாம்பு சிந்தினாற்போல் ஒரு திட்டு.

"இதுல கறுப்பா இருந்தா நல்லதா, வெள்ளையா இருந்தா நல்லதா?
டாக்டரு வேகமாச் சொல்லிட்டாரு."

வெள்ளை என்பது
கதிர் வந்து சேராத இடம்.
அதே விதி. அதே மடக்கைக் கணக்கு.
வாய் வரைக்கும் வந்தது; அதற்கு மேல் வரவில்லை.
டாக்டரிடம் இன்னொரு தடவை கேளுங்கள் என்றேன்.
பெரியாஸ்பத்திரியில் வியாழக்கிழமை
நெஞ்சு டாக்டர் வருவார் என்றேன்.
ஞாயிறே போல வியாழனும்
சம்பளம் பிடிக்கிற நாளா என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்
இந்த நெஞ்சு
எவ்வளவு வெளிச்சத்தை விட்டிருக்கும்?
ஒரே ஒரு புள்ளி கையில்.
ஒரு புள்ளியிலிருந்து எந்தக் கோட்டை நீட்ட?

ஆலைச் சங்கு ஊதியது.
படத்தை உறைக்குள் சொருகிக்கொண்டு
இறங்கிப் போனார்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
மாடி சுடத் தொடங்கியிருந்தது,
அப்படியும் கையில்தான்.

மாலையில் கோப்பைத் திறந்தேன்.
எட்டு பத்துக்கு மூன்று அளவுகள்,
ஒன்றோடொன்று ஒட்டவில்லை.
அவர் படம் குழலுக்குக் குறுக்கே வந்திருக்கிறது.
மென்பொருள் அந்த வரியைத் தானே தள்ளிவிட்டு
எதிரே எழுதியிருந்தது:
மேகம்.

அன்றைக்கு வானத்தில்
மருந்துக்கும் மேகமில்லை.

கையால் எழுதும் நோட்டில்
எட்டு பத்துக்கு நேரே
சவரிமுத்து என்று எழுதினேன்.
அலகு போடும் கட்டத்தை
காலியாக விட்டேன்.